11 வயதுப் புளியமரம் காய்க்கவில்லையே, வெட்டிவிடலாமா?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் எங்கள் கொல்லையில் தானாக முளைத்த புளியமரம் ஒன்று நிற்கிறது. வயது 11. நன்றாகத் தழைக்கிறது, ஆனால் இதுவரை ஒரு கைப்பிடிப் புளிகூடக் கிடைக்கவில்லை. உச்சியில் கொஞ்சம் பூ தெரிகிறது, அதுவும் உதிர்ந்துவிடுகிறது. ஆட்டுத் தழைக்காகவும், கரண்டு கம்பியில் படாமலிருக்கவும் வருடாவருடம் சித்திரைக் கடைசியில் கிளைகளைக் கழித்துவிடுகிறோம். பாத்திரம் கழுவும் தண்ணீர் மரத்தடிக்குத்தான் போகிறது. "இது ஆண் மரம், வெட்டிப் போடு" என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். வெட்டிவிடலாமா?

பதில்: வெட்ட வேண்டாம். ஆண் மரம் என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். பனையில் ஆண்பனை, பெண்பனை என்று தனித்தனியாக உண்டு. புளியில் அப்படிக் கிடையாது.

சந்தேகமிருந்தால் கீழே விழுந்த பூ ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். மொட்டாக இருக்கும்போது இளஞ்சிவப்பாகத் தெரிவது இதழ் அல்ல, வெளியே மூடியிருக்கும் புல்லி; அது நான்கு. விரிந்தபின் மஞ்சளில் செந்நிற நரம்போடிய மூன்று இதழ்கள் தெரியும். உண்மையில் இதழ்கள் ஐந்து. மற்ற இரண்டும் மயிரிழைபோலச் சுருங்கி அடியில் கிடக்கும், தேடினால்தான் அகப்படும். நடுவில் அடிப்பாகம் ஒட்டியபடி மூன்று மகரந்தத் தாள்கள். அவற்றின் பக்கத்திலேயே பச்சையாக, கொஞ்சம் வளைந்து நிற்பதுதான் சூலகம். பின்னால் புளியங்காயாக நீளப்போவது அதுதான். ஆணும் பெண்ணும் ஒரே பூவில் இருக்கும்போது மரத்தை மட்டும் ஆண் என்று எப்படிச் சொல்வது?

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அந்தச் சித்திரைக் கடைசிதான். புளி பூப்பது பழைய கட்டையில் அல்ல. பங்குனி, சித்திரையில் பழைய இலை கொட்டிப் புதுத்துளிர் விடுகிறதே, அந்தத் துளிர்க் கிளைகளின் நுனியிலும் பக்கத்திலும்தான் பூங்கொத்து வரும். நம் பக்கம் வைகாசி, ஆனியில் பூ. பூ வர வேண்டிய கிளையை அதற்குச் சில வாரம் முன்னால் ஆட்டுக்குப் போட்டுவிடுகிறீர்கள். மரமும் திரும்பத் துளிர்க்கிறது, நீங்களும் 'நன்றாகத் தழைக்கிறது' என்று எழுதுகிறீர்கள். அரிவாளுக்கு எட்டாத உச்சியில் மட்டும் பூ தெரிவதற்குக் காரணம் வேறென்ன?

கழித்துத்தான் ஆக வேண்டுமென்றால் மாசியில், புதுத்துளிர் கிளம்பும் முன் கழியுங்கள். கம்பிப் பக்கம் போகும் கிளையை மட்டும் எடுத்தால் போதும். மின்வாரியத்தில் சொல்லி, கரண்டை நிறுத்திய பிறகு செய்யுங்கள்.

அப்புறம் தண்ணீர். புளி வறண்ட வெயில் காலத்துக்குப் பழகிய மரம். பேரைப் பார்த்து ஏமாற வேண்டாம்: 'இந்தியப் பேரீச்சை' என்ற பொருளுள்ள 'தமர் ஹிந்தி' என்ற அரபுச் சொல்லிலிருந்துதான் டாமரிண்ட் வந்தது, தாவரவியல் பெயரிலும் 'இண்டிகா' இருக்கிறது, ஆனால் பிறந்த இடம் வெப்பமண்டல ஆப்பிரிக்கா. ஆண்டு முழுக்க ஈரம் விடாத ஊர்களில் இது தழைக்கும், காய்ப்பு சரியாக வராது. பாத்திரம் கழுவும் தண்ணீரை வாழைக்குத் திருப்பிவிடுங்கள். யூரியாவும் வேண்டாம். அவரைக் குடும்பத்து மரம் என்பதால் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று சிலர் சொல்வார்கள். குடும்பம் சரி, ஆனால் அந்தச் சத்தைப் பிடித்துத் தரும் நுண்ணுயிர்கள் குடியிருக்கும் முடிச்சுகள் புளியின் வேரில் உண்டாவதில்லை. இந்த வயதில் வருடம் ஒருமுறை மக்கிய தொழுவுரம் வைத்தால் போதும்.

பூ உதிர்வதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். நன்றாகக் காய்க்கும் மரத்திலும் பெரும்பாலான பூ கொட்டத்தான் செய்யும். தன் மகரந்தத்தில் புளி அவ்வளவாகக் காய் பிடிக்காது, வேறொரு மரத்தின் மகரந்தம் தேனீ வழியாக வர வேண்டும். உங்கள் ஊர்ச் சாலையோரத்தில் புளிக்குப் பஞ்சமிருக்காது. பூக்கிற மாதங்களில் பூச்சிமருந்து அடிக்காமலிருந்தால் சரி.

விதையில் வந்த மரம் காய்ப்புக்கு வர 8, 10 வருடம் ஆகும், சிலது இன்னும் தாமதிக்கும். ஒட்டுக்கன்று என்றால் நான்காம் வருடமே காய் பார்க்கலாம். ஆக, 11 என்பது இதற்குக் கடந்துபோன வயதல்ல. ஒரு சித்திரை அரிவாள் படாமல் விட்டுப் பாருங்கள். வைகாசியில் பூத்தது பழமாக அடுத்த தை, மாசி ஆகிவிடும். காயை விரலால் அழுத்தினால் ஓடு பொருக்கென்று உடைய வேண்டும், உள்ளே சதை வற்றி ஓட்டைவிட்டு விலகியிருக்க வேண்டும். ஒட்டாத உறவுக்கு 'புளியம்பழமும் ஓடும்போல' என்கிறோமே, அந்தப் பதத்தில் உலுக்குங்கள்.

காய் வந்தும் சதையில்லாமல் கொட்டையும் நாருமாக இருந்தால், அது விதைக்கன்றின் குணம், மருந்தோ உரமோ போட்டு மாற்ற முடியாது. அப்போதும் வேரோடு எடுக்க வேண்டியதில்லை. இடுப்பளவில் அறுத்துவிட்டு, வெடித்து வரும் போத்தில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பிகேஎம் 1 ரகக் குச்சியை ஒட்டுக் கட்டச் சொல்லுங்கள். பழகிய கை வேண்டும், நர்சரிக்காரர் ஒருவரையே கூப்பிடுங்கள்.