முந்நூறு ஃபோரின்ட்

அன்புள்ள சார்,

கிழக்கு ஐரோப்பா பற்றிய கட்டுரையில் ஹங்கேரியின் சுதந்திர ஜனநாயகர் கூட்டணியை ‘படித்தவர்கள் கட்சி, காணாமல் போயிற்று’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். 1990 தேர்தலில் அது நாட்டின் இரண்டாவது பெரிய கட்சி. நடத்தியவர்கள் போலீசுக்கு அஞ்சாதவர்கள். 1994இல் பழைய கம்யூனிஸ்டுகளோடு கூட்டுச் சேர்ந்த துரோகம்தான் அவர்களை அழித்தது என்று படித்தேன். அவ்வளவுதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஒரு வரியில் முடித்தது என் சோம்பல். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்தக் கட்சியின் வேர் ஒரு வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் புடாபெஸ்டில் லாஸ்லோ ராய்க் என்ற கட்டடக் கலைஞர், தணிக்கைக்குப் போகாத பத்திரிகைகளையும் புத்தகங்களையும் தன் வீட்டிலேயே விற்றார். ‘ராய்க் பூட்டிக்’ என்று அதற்குப் பெயர். வாங்கிக்கொண்டு இறங்குகிறவர்களின் பையைப் போலீஸ் சோதிப்பதும் உண்டு. இந்த ராய்க்கின் அப்பா யார் தெரியுமா? கம்யூனிஸ்ட் அரசின் உள்துறை அமைச்சராக இருந்து, 1949இல் சொந்தக் கட்சியாலேயே தூக்கிலிடப்பட்டவர். காபோர் டெம்ஸ்கி இன்னொருவர். ரகசியப் பதிப்பகம் நடத்தினார். சட்டகத்தில் துணியை இழுத்துக் கட்டி மையை வழித்து அச்சடிப்பார்கள். நம்மூரில் கல்யாணப் பத்திரிகை அடித்த ஸ்க்ரீன் பிரிண்டிங்தான். யானோஷ் கிஷ் போன்ற தத்துவக்காரர்களும் சேர, 1988 நவம்பரில் இது கட்சியானது.

அடுத்த நவம்பரிலேயே ஒரு பொதுவாக்கெடுப்பை வென்றார்கள். நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன்பே ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது அதில் முக்கியமான கேள்வி. ஜனாதிபதித் தேர்தலை முதலில் நடத்தியிருந்தால் சீர்திருத்தக் கம்யூனிஸ்ட் ஒருவர் ஜெயித்திருப்பார். வித்தியாசம் சுமார் 6,000 ஓட்டு. 1990 தேர்தலில் 21 சதவீதம் கிடைத்தது. டெம்ஸ்கி புடாபெஸ்ட் மேயரானார், 20 வருஷம் இருந்தார். கட்சியின் ஆர்பாத் கென்ட்ஸ் ஜனாதிபதியானார். சோவியத் ஆதிக்கத்துக்கு எதிரான 1956 புரட்சிக்காக ஆயுள் தண்டனை பெற்றவர் அவர்.

நீங்கள் துரோகம் என்கிற 1994க்கு வருவோம். பழைய கம்யூனிஸ்டுகளின் புதிய கட்சியான சோஷலிஸ்ட் கட்சி அந்தத் தேர்தலில் ஜெயித்தது. அதன் தலைவர் ஜூலா ஹோர்ன், 1956 புரட்சியை நசுக்கிய பிறகு அமைத்த காவல்படையில் இருந்தவர். அவரைப் பிரதமராக முன்மொழிய வேண்டிய ஜனாதிபதி யார்? அதே கென்ட்ஸ். கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்களில் பாதிப் பேருக்கு வயிறு எரிந்திருக்கும். அது நியாயமும்கூட. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவர் கட்சி, அதுவும் அப்போது லிபரல்தான், வலதுபக்கம் காலியாகக் கிடந்த இடத்துக்கு நகர்ந்தது. விக்டர் ஓர்பானின் ஃபிடெஸ்.

1998இல் இவர்கள் 7.6 சதவீதத்துக்கு இறங்கினார்கள். ஆனால் சாகவில்லை, பாருங்கள். 2002இலும் 2006இலும் ஐந்து சதவீத வரம்பைத் தாண்டி நாடாளுமன்றத்துக்குள் வந்தார்கள். அதனால்தான் ‘துரோகம் அழித்தது’ என்பது எனக்குப் பாதிக் கதையாகப் படுகிறது.

மீதிக் கதை முந்நூறு ஃபோரின்ட். 2007இல் டாக்டரைப் பார்க்க 300 ஃபோரின்ட் கட்டணம் வந்தது. அன்றைய கணக்கில் நம் 70 ரூபாய் போல. அப்போது மறுபடி சோஷலிஸ்டுகளோடு கூட்டணி ஆட்சி, சுகாதாரத் துறை இவர்கள் கையில். ஹங்கேரியில் டாக்டருக்குக் கவரில் வைத்துக் கொடுக்கும் ‘நன்றிப் பணம்’ அப்போது ஊரறிந்த வழக்கம். அதைவிட ரசீதோடு வாங்கும் சின்னத் தொகை மேல் என்பது இவர்கள் வாதம். வாதம் சரிதான். ஆனால் கவரை மனிதர் மனிதருக்குக் கொடுக்கிறார், 300 ஃபோரின்டை அரசு பிடுங்குகிறது. ஜனங்களுக்குத் தெரிந்த இந்த வித்தியாசம் அவர்களுக்குத் தெரியவில்லை. 2008 மார்ச்சில் ஃபிடெஸ் கொண்டுவந்த வாக்கெடுப்பில் 80 சதவீதத்துக்கும் மேல் ‘கட்டணம் வேண்டாம்’ என்றார்கள். பிரதமர் இவர்களுடைய சுகாதார அமைச்சரை நீக்கினார், இவர்கள் கூட்டணியை விட்டுப் போனார்கள். அப்புறம் உட்கட்சிச் சண்டை. 2009 ஐரோப்பியத் தேர்தலில் 2 சதவீதம் சொச்சம். 2013 அக்டோபரில் கட்சியைக் கலைத்தார்கள்.

1995 சிக்கன நடவடிக்கையிலும் இதே கதைதான். சோஷலிஸ்டுகளே முனகியபோது இவர்கள் உற்சாகமாக ஆதரித்தார்கள். ஆட்சியை எதிர்த்தபோது ‘மக்கள்’ என்று பேசினார்கள். பதவிக்கு வந்ததும் அந்த மக்களுக்குக் கணக்குப் பாடம் எடுத்தார்கள். புடாபெஸ்டுக்கு வெளியே அவர்களுக்கென்று நிற்க அதிகம் ஆளில்லை.

1994இல் நான் அங்கே இருந்திருந்தால் கூட்டணி வேண்டாம் என்றிருப்பேனா? 386 இடத்தில் 209 ஹோர்னிடம். தனியாகவே ஆளலாம். அவரை அப்படி ஆளவிடுவதைவிட உள்ளே நம்மவர் நாலு பேர் இருக்கட்டுமே என்று நானும் கை தூக்கியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.