ஜப்பான்ல பழைய ஏரியாவுல காலை டிபன் எங்க சாப்பிடறது? 'மார்னிங்'னா என்ன?

நேரா ஒரு கிஸ்ஸாதென்னுக்குப் போங்க. அப்படின்னா பழைய பாணி காபி கடை, மர மேஜை, மங்கலான லைட், உள்ளூர் பெரியவங்க பேப்பர் படிச்சிட்டு இருப்பாங்க. அங்க காலைல ஒரு காபி சொன்னா கூடவே ரெண்டு விரல் தடிமன்ல வெண்ணெய் உருகுற டோஸ்ட்டும் அவிச்ச முட்டையும் வரும், பெரும்பாலும் 11 மணி வரைக்கும், அதைத்தான் 'மார்னிங்'னு சொல்றாங்க. நாம இட்லி வாங்குனா சாம்பார் சட்னிக்கு தனியா காசு கேக்க மாட்டாங்கல்ல, அதே மாதிரிதான்.

இது எப்படி வந்துச்சுன்னா, 1950கள்ல நகோயா பக்கத்துல இச்சினோமியாங்கற நெசவு ஊர்ல தறி சத்தத்துல பேசவே முடியாதாம், அதனால முதலாளிங்க வியாபாரம் பேச காபி கடைக்கு வர, கடைக்காரங்க அன்பா முட்டையும் வேர்க்கடலையும் சேர்த்துக் குடுக்க ஆரம்பிச்சாங்கன்னு சொல்றாங்க. நகோயா போனா டோஸ்ட் மேல இனிப்பு சிவப்பு பயறு விழுது தடவித் தருவாங்க, கண்டிப்பா சாப்பிடுங்க!

டோக்கியோன்னா யானாகாங்கற பழைய ஏரியாவுக்குப் போங்க. அங்க 1916ல கட்டுன மர வீட்டுல 1938ல ஆரம்பிச்ச கயாபா காபி இருக்கு, முட்டை சாண்ட்விச் அருமை.

கடைல 'மார்னிங் சர்வீஸ்'னு எழுதியிருக்குன்னு டோஸ்ட்டை மட்டும் சும்மா கேக்கலாம்னு நினைக்காதீங்க, ஆளுக்கு ஒரு டிரிங்க் ஆர்டர் பண்ணணும்.