பத்துக்கு எத்தனை சிரிப்பு?

கேள்வி: வாசகர்கள் அனுப்பும் ஜோக்குகளுக்கு மார்க் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறீர்களாமே. சிரிப்புக்கு எப்படி சார் மார்க் போடுவது?

பதில்: முன்பு பத்துக்கு இத்தனை என்று போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மாலை எழுபது ஜோக்குகளுக்குப் போட்டு முடித்தேன். மறுநாள் காலையில் ஏதோ சந்தேகம். மார்க்கை மறைத்துவிட்டு, கட்டைத் தலைகீழாகத் திருப்பி மறுபடி படித்தேன். எட்டு வாங்கியிருந்த டாக்டர் ஜோக் நாலுக்கு இறங்கிவிட்டது. சரி, இரண்டாம் முறை படித்தால் சுவை குறையத்தானே செய்யும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் மூன்று வாங்கியிருந்த குடை ஜோக் ஏழுக்கு ஏறிவிட்டதே! பாவம், முந்தின மாலை அதற்கு முன்னால் ஒன்பது ஞாபகமறதி ஜோக்குகள் வரிசையாக வந்து என்னை ஓய்த்துப் போட்டிருந்தன. அத்தோடு மார்க்கை விட்டுவிட்டேன். இப்போது இரண்டிரண்டாக எடுத்து மோதவிடுகிறேன். ‘இது ஆறா, ஏழா?’ என்று கேட்டால் மனசு முழிக்கிறது, ‘இதுவா, அதுவா?’ என்றால் பட்டென்று சொல்லிவிடுகிறது.

கேள்வி: உலகின் மிகச் சிறந்த ஜோக்கை ஓட்டெடுத்தே கண்டுபிடித்துவிட்டார்களாமே?

பதில்: 2001-ல் ரிச்சர்ட் வைஸ்மன் என்ற பிரிட்டிஷ் உளவியல் பேராசிரியர் இணையத்தில் அந்த வேலையில் இறங்கினார். சுமார் 40,000 ஜோக்குகள் வந்தன. ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். 2002-ல் ஜெயித்தது இது: வேட்டைக்குப் போன இருவரில் ஒருவன் மயங்கி விழுகிறான். மற்றவன் அவசர உதவிக்குப் போன் செய்து, “என் நண்பன் செத்துட்டான், நான் என்ன செய்ய?” என்று அலறுகிறான். “பதறாதீங்க. முதல்ல அவர் செத்துட்டாரான்னு உறுதிப்படுத்திக்குங்க.” சற்று அமைதி. ஒரு துப்பாக்கிச் சத்தம். “சரி, அப்புறம்?”

நல்ல ஜோக்தான். ஆனால் சராசரி போட்டால் இப்படிப்பட்டதுதான் ஜெயிக்கும். பாதிப் பேர் விழுந்து விழுந்து சிரித்து ஐந்து போட்டு, மீதிப் பேர் முகம் சுளித்து ஒன்று போட்டால் சராசரி மூன்று. எல்லோரும் லேசாகச் சிரித்து நாலு போட்ட ஜோக் அதைத் தாண்டிவிடும். எனக்கென்னவோ அந்த மூன்று மார்க் ஜோக்கைப் பார்க்கத்தான் ஆசை.

கேள்வி: நண்பர்களோடு சிரித்த அதே ஜோக்கைத் தனியாகப் படித்தால் சிரிப்பே வரவில்லை. எனக்கு ஏதாவது கோளாறா?

பதில்: இல்லை. ராபர்ட் ப்ரொவைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை எண்ணியே பார்த்திருக்கிறார். தனிமையில் இருப்பதைவிடக் கூட்டத்தில் சுமார் 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறோமாம். அதிலும் பெரும்பாலான சிரிப்பு ஜோக்குக்கே அல்ல. “சரி, அப்ப கிளம்பறேன்” மாதிரியான சாதாரணப் பேச்சுக்குத்தான். நான் தனி அறையில் உட்கார்ந்து படிப்பவன், வாய்விட்டுச் சிரிப்பது அபூர்வம். மூக்கு வழியாகப் புஸ்ஸென்று காற்று வந்தாலே அந்த ஜோக் அச்சுக்குப் போய்விடும்.

கேள்வி: நம் முன்னோர் சிரிப்பை அளந்ததுண்டா?

பதில்: அளக்கவில்லை, பிரித்தார்கள். எள்ளல், இளமை, பேதைமை, மடன் (கேட்டதை ஆராயாமல் அப்படியே நம்புவது) என்று நகை பிறக்கும் இடம் நான்கு என்கிறது தொல்காப்பியம். வேட்டைக்காரன் மூன்றாவது.

கேள்வி: நான் அனுப்பிய கிளி ஜோக் என்ன ஆயிற்று?

பதில்: குடை ஜோக்கோடு மோதித் தோற்றுவிட்டது. அடுத்த முறை கொஞ்சம் சோனியான எதிராளியாகப் பார்த்து நிறுத்துகிறேன்.