கேள்வி–பதில்: அட்டைப்பெட்டி மென்பொருள் எங்கே போயிற்று?

கேள்வி: பரணைச் சுத்தம் செய்தபோது, 1990-களின் இறுதியில் வாங்கிய மூன்று மென்பொருள் பெட்டிகள் கிடைத்தன. ஒவ்வொன்றும் பெரிய அகராதி அளவு இருக்கிறது. உள்ளே ஒரு சீடியும் ஒரு கையேடும்தான். கடைக்குப் போய் மென்பொருள் வாங்கும் வழக்கம் எப்படி மறைந்தது? – ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: அலமாரியில் தூரத்திலிருந்தே கண்ணில் பட வேண்டும் என்பதற்காகவே பெட்டியை அவ்வளவு பெரிதாகச் செய்தார்கள், தடித்த கையேடும் அதற்கு ஒரு காரணம். விண்டோஸ் 95 வெளியான 1995 ஆகஸ்ட் 24 அன்று, நள்ளிரவிலேயே அமெரிக்கக் கடைகளின் வாசலில் மக்கள் வரிசையில் நின்றார்கள். சீடி டிரைவ் இல்லாதவர்களுக்கு அதே மென்பொருள் 13 பிளாப்பிகளில் கிடைத்தது. ஒவ்வொன்றாகச் செருகி, திரை அடுத்ததைக் கேட்கும்போது மாற்றி, பதினொன்றாவது பிளாப்பி படிக்க மறுத்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

அப்போது இணையம் இல்லாமல் இல்லை. டூம் என்ற விளையாட்டின் முதல் பகுதியை 1993 டிசம்பரிலேயே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சேவையகத்தில் இலவசமாக ஏற்றிவிட்டார்கள். பிடித்திருந்தால் மீதியைப் பணம் கொடுத்துத் தருவித்துக்கொள்ளலாம். ஆனால் அது ஓரிரு பிளாப்பியில் அடங்கும் பொருள். 650 எம்பி சீடி ஒன்றை தொலைபேசிக் கம்பி வழியே வரும் 56 கேபிபிஎஸ் டயல்-அப் இணைப்பில் இறக்கினால், முழு வேகமும் தடையின்றிக் கிடைத்தால்கூட ஏறத்தாழ 26 மணி நேரம் ஆகும். அத்தனை நேரமும் தொலைபேசிக் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும். இடையில் இணைப்பு அறுந்தால் பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பேருந்தேறிக் கடைக்குப் போய்வருவதே விரைவான வழியாக இருந்தது.

வேகம் கூடியதுதான் மாற்றத்துக்குக் காரணம் என்று பலரும் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை என்பது என் எண்ணம். பெட்டியைப் பயனற்றதாக்கியது பிழைதிருத்தம். மூலப்பிரதி ஆலைக்குச் சென்று, சீடி அச்சாகி, பெட்டி கடைக்கு வருவதற்குள் வாரங்கள் கடந்துவிடும். அதற்குள் கண்டுபிடிக்கப்பட்ட பிழைகள் சீடியில் அப்படியே இருக்கும். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தவர் செய்யும் முதல் வேலை, திருத்தங்களை இணையத்திலிருந்து இறக்குவது என்றாயிற்று. 2004 நவம்பரில் வெளிவந்த ஹாஃப்-லைஃப் 2 விளையாட்டைக் கடையில் பெட்டியாக வாங்கியவர்களும், ஸ்டீம் என்ற இணையச் சேவையில் பதிவு செய்த பிறகே விளையாட முடிந்தது. அந்தக் கட்டத்திலேயே பெட்டி என்பது சீரியல் எண்ணைச் சுமந்துவரும் உறை ஆகிவிட்டது.

கடைக்காரர்களும் இதை உணராமல் இல்லை. எக்ஹெட் என்ற அமெரிக்க மென்பொருள் கடைத்தொடர் 1998-லேயே தன் கடைகளையெல்லாம் மூடிவிட்டு இணைய விற்பனைக்கு மாறியது. ஆனால் முழுத் திருப்பம் 2011-ல்தான் வந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் மேக் ஆப் ஸ்டோர் என்ற இணையக் கடையைத் திறந்த ஆப்பிள், ஜூலையில் மேக் கணினிகளுக்கான லயன் இயங்குதளத்தை அதன் வழியாக, 29.99 டாலருக்குப் பதிவிறக்கமாகவே வெளியிட்டது. முந்தைய பதிப்பு டிவிடியில் வந்தது. இதற்கு டிவிடியே கிடையாது. வேகமான இணைப்பு இல்லாதவர்கள் கணினியைத் தூக்கிக்கொண்டு ஆப்பிள் கடைக்கு வந்து அங்கேயே இறக்கிக்கொள்ளலாம் என்றார்கள். பின்னர் யூஎஸ்பி துண்டில் 69 டாலருக்கும் விற்றார்கள். அன்றைக்கு இந்தியாவில் 256 கேபிபிஎஸ் இருந்தாலே அகலக்கற்றை என்று பெயர். ஏறக்குறைய 4 ஜிபி அளவுள்ள லயனை அந்த வேகத்தில் இறக்குவதற்கு ஒன்றரை நாள் பிடித்திருக்கும்.

இன்றும் நம் ஊர்க் கணினிக் கடைகளில் வைரஸ் தடுப்பு மென்பொருள் மட்டும் பெட்டியாகத் தொங்குவதைக் காணலாம். அதிலும் நாம் வாங்குவது உள்ளே இருக்கும் எண்ணைத்தான்.

கேள்வி: பெட்டியாக வாங்கியதை என் தம்பிக்குக் கொடுத்தேன். பதிவிறக்கியதை அப்படிக் கொடுக்கலாமா? அது எனக்குச் சொந்தமா, இல்லையா? – ஒரு வாசகி, ஓசூர்

பதில்: பெட்டியும் முழுக்க உங்களுக்குச் சொந்தமாக இருந்ததில்லை என்பதே கசப்பான செய்தி. பிரித்ததும் நாம் படிக்காமல் தூக்கிப்போட்ட தாளில், இது விற்பனை அல்ல, பயன்படுத்தும் உரிமம் மட்டுமே என்று எழுதியிருப்பார்கள். பழைய ஆட்டோகேட் (பொறியியல் வரைபட மென்பொருள்) பெட்டிகளை இணையத்தில் மறுவிற்பனை செய்த ஒருவரின் வழக்கில், 2010-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தாளின் பக்கமே நின்றது. ஐரோப்பிய நீதிமன்றம் 2012-ல் இதற்கு நேர்மாறாகத் தீர்ப்பளித்தது: காலவரையற்ற உரிமத்துடன் பணம் கொடுத்துப் பதிவிறக்கிய மென்பொருளை, தன் கணினியில் உள்ள பிரதியைப் பயன்படாதபடி செய்துவிட்டு, வேறொருவருக்கு விற்கலாம். இந்திய உச்ச நீதிமன்றம் 2004-ல் பெட்டி மென்பொருளைச் சரக்கு என்று சொன்னது, ஆனால் அது விற்பனை வரி தொடர்பான வழக்கு. அதை வைத்துக்கொண்டு உங்கள் பதிவிறக்கத்துக்கு உரிமை கோர முடியாது.

நடைமுறையில், உரிமம் உங்கள் மின்னஞ்சல் கணக்கோடு கட்டப்பட்டிருந்தால், தம்பிக்குக் கொடுக்க வழியில்லை. மாதச் சந்தா என்றால் கேள்வியே எழாது. கட்டுவதை நிறுத்தினால் மென்பொருளும் நின்றுவிடும். ஃபோட்டோஷாப் தயாரிக்கும் அடோபி நிறுவனம் 2013-ல் பெட்டிப் பதிப்புகளை சிஎஸ்6 என்ற பதிப்புடன் முடித்துக்கொண்டு சந்தாவுக்கு மாறியபோது பயனர்களிடையே எழுந்த கோபத்துக்கு இதுவே காரணம். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், திரும்பப் பறிக்கக்கூடிய உரிமத்தை விற்பவர்கள் அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. சொல்லையாவது திருத்தினார்களே!

கேள்வி: அப்படியானால் பழைய சீடிகளை எறிந்துவிடலாமா? – ஒரு வாசகர், நெய்வேலி

பதில்: அவசரப்பட வேண்டாம். 1990-களின் மென்பொருள்கள் பலவற்றின் நிறுவு நிரல் 16-பிட் வகை. இன்றைய 64-பிட் விண்டோஸில் அது ஓடாது. எனினும் மெய்நிகர் கணினி (கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் இன்னொரு கணினி) ஒன்றில் பழைய விண்டோஸை ஏற்றி ஓட்டலாம். சீடி நாளடைவில் கெடும் பொருள் என்பதால், சீடி டிரைவ் கையில் இருக்கும்போதே அதன் உள்ளடக்கத்தை ஐஎஸ்ஓ கோப்பாக, அதாவது முழுச் சீடியின் பிரதியான ஒரே கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2000-க்குப் பிந்தைய மென்பொருள் என்றால், சீரியல் எண்ணை இணையம் வழியே சரிபார்க்கும் ஆக்டிவேஷன் சேவையகம் இன்னும் இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள். அது நின்றுபோயிருந்தால் அசல் சீடி இருந்தும் நிறுவ முடியாது. சீரியல் எண் பெரும்பாலும் சீடியில் இருக்காது. உறையின் பின்புறத்திலோ கையேட்டின் அட்டையிலோ சிறு ஸ்டிக்கராக ஒட்டியிருப்பார்கள். பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் அதைப் படமெடுத்து வையுங்கள்.