ஐரோப்பாவில் வாழும் ரோமா மக்கள் குப்பைமேட்டு ஓரத்திலேயே வாழ்வது அவர்களின் வழக்கமா?

வழக்கமில்லை. அங்கே கொண்டுபோய் விடப்பட்டவர்கள்.

நான் ஜேர்மனிக்கு வந்த புதிதில், நாங்கள் 'ஹைம்' என்று சொல்லும் அகதி விடுதியில், பக்கத்து அறையில் கொசோவோவின் மித்ரோவித்சாவிலிருந்து வந்த ரோமாக் குடும்பம் ஒன்று இருந்தது. குழாயடியில் அந்த வீட்டு அக்கா தண்ணீரைக் காட்டி 'பானி' என்றபோது திகைத்துப்போனேன். ஐந்துக்கு 'பஞ்ச்' என்றார். பல நூறு ஆண்டுகளுக்கு முன் நம் பக்கத்திலிருந்து போனவர்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

அவர்கள் இருந்த இடம் குப்பைமேடு அல்ல. இபார் ஆற்றின் தென்கரையில் 'மஹாலா' என்ற பெரிய குடியிருப்பு. ஏறத்தாழ 8,000 பேர், சொந்த வீடுகள். 1999 ஜூனில் செர்பியருக்கும் அல்பேனியருக்கும் இடையிலான கொசோவோப் போர் முடிந்ததும், செர்பியருக்குத் துணைபோனவர்கள் என்று சொல்லி அல்பேனியர் கூட்டம் அதைச் சூறையாடிக் கொளுத்தியது. வெளியே தப்ப முடியாத சுமார் 600 பேரை ஐ.நா. தற்காலிகமாக என்று சொல்லி முகாம்களில் குடியேற்றியது. பெரும்பாலான முகாம்கள் ட்ரெப்சா ஈயத் தொழிற்கூடத்தின் கழிவு மேடுகளை ஒட்டி இருந்தன.

போருக்குப் பின் கொசோவோவை ஆண்டது ஐ.நா. நிர்வாகம். 2000 ஆகஸ்டில் அங்கிருந்த ஈய உருக்காலையை அந்த நிர்வாகமே மூடியது. நிர்வாகத்தின் தலைவர் பெர்னார் குஷ்னேர் ஒரு மருத்துவர், 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வரும் இந்த ஆபத்தை இன்னும் ஒரு நாள்கூட விட்டுவைக்க முடியாது என்று அப்போது சொன்னார். ஆலை மூடப்பட்டது, முகாம் மூடப்படவில்லை. அதன் பிறகும் பத்து வருடத்துக்கு மேல் மக்கள் அங்கேயே கிடந்தார்கள்.

ஈயத்தை மண்ணில் தவழும் குழந்தைதான் அதிகம் உள்ளே எடுக்கும். அது மூளையைத் தாக்கும். அன்றைய அளவுகோலின்படி ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 10 மைக்ரோகிராம் இருந்தாலே கவலைப்பட வேண்டும். 2004இல் உலக சுகாதார நிறுவனம் பரிசோதித்தபோது சில பிள்ளைகளுக்கு 65ஐத் தாண்டியிருந்தது. நஞ்சுள்ள இடத்திலேயே வைத்துக்கொண்டு இதற்கு மருந்து கொடுத்தும் பயனில்லை.

அதற்கு வந்த பதிலைக் கேளுங்கள்: அவர்கள் பழைய கார் பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குகிறார்கள், அதனால்தான் இப்படியாம். சிலர் உருக்கினார்கள், உண்மைதான். வேறு என்ன பிழைப்பு இருந்தது? அந்தக் கழிவு மேடு இவர்கள் வருவதற்கு முன்பே அங்கே இருந்தது. உங்கள் கேள்வியில் உள்ள 'வழக்கம்' என்ற சொல்லும் இப்படித்தான் பிறக்கிறது.

போர் நடக்காத ஊரிலும் இதுதான் கதை. ருமேனியாவின் க்ளூஜ் நகரில் 2010 டிசம்பர் 17 அன்று, கொட்டும் குளிரில், நகர நடுவிலிருந்த கொஸ்தெய் தெருவைவிட்டு 76 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. பெரும்பாலானவர்களுக்கு மாற்றிடம் தந்தது பாதா ரூத் என்ற இடத்தில், நகரத்தின் குப்பை கொட்டும் மேட்டருகே. அதுவரை நகரவாசிகளாக இருந்தவர்கள் ஒரே நாளில் குப்பைமேட்டுக்காரர்கள் ஆனார்கள்.

கொசோவோ முகாம்வாசிகள் 138 பேர் முறையிட்டு, 2016இல் ஐ.நா. நிர்வாகம் அமைத்த மனித உரிமைக் குழுவே அவர்களின் உரிமைகள் மீறப்பட்டன என்று சொன்னது. 2017இல் ஐ.நா. வருத்தம் தெரிவித்தது, விருப்பமுள்ளோர் பணம் போட ஒரு நிதியம் அறிவித்தது. தனி ஆளுக்கு இழப்பீடு கிடையாது.

இன்னொன்று. மேற்கு ஐரோப்பிய நாடுகள் திருப்பி அனுப்பிய ரோமாக்களில் சிலர் அதே ஈய முகாம்களில்தான் போய்ச் சேர்ந்தார்கள் என்று ஐரோப்பிய கவுன்சிலின் மனித உரிமை ஆணையர் தோமஸ் ஹமர்பெரி 2009இல் எச்சரித்தார். அதைப் படித்தபோது ஹைம்தான் நினைவுக்கு வந்தது. எங்கள் எல்லோர் கையிலும் 'டுல்டுங்' தாள்: நாடுகடத்தலைச் சில மாதங்களுக்குத் தள்ளிவைக்கும் காகிதம். அதைப் புதுப்பிக்கப் போகும் நாளில் அந்த அக்கா அடுப்பு மூட்டமாட்டார். எங்கள் வீட்டிலிருந்துதான் பிள்ளைகளுக்குச் சோறு போகும்.