தடிப்பும் செங்கமாரியும் – வாசகர் கடிதம்

வணக்கம்.

அண்ணாவின் மகனுக்கு 27 வயது. ஊரில் நடந்த இரத்ததான முகாமில் இரத்தம் கொடுத்தான். பிறகு கூப்பிட்டு, ஈரலைத் தாக்கும் ஹெப்பரைற்றிஸ் பி வைரசு இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு முன் அவனுக்கு உடம்பெல்லாம் தடித்து, மூட்டுகளும் நொந்தன. நண்டு ஒத்துக்கொள்ளவில்லை என்று அலர்ஜிக் குளிசை கொடுத்தோம். இப்போது அம்மா கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுக்கிறா. அண்ணி தனிக் கோப்பை வைத்திருக்கிறா. இந்தக் கிருமியைக் கண்டவர் ஒவ்வாமையை ஆராய்ந்தவர் என்று படித்தேன். தொடர்பு உண்டா? எனக்கு இறாலும் முட்டையும் ஒத்துக்கொள்ளாது, தடுப்பூசி போடலாமா?

ச., கோண்டாவில்

அன்புள்ள ச.,

அந்தத் தடிப்பு நண்டால் வராமலும் இருந்திருக்கலாம். இந்த வைரசு தொற்றிய சிலருக்கு, கண் மஞ்சளாவதற்கு முன்பே காய்ச்சல், தடிப்பு, மூட்டுநோ வரும். வைரசின் மேலுறைப் புரதமும் அதற்கு எதிராக உடல் ஆக்கும் பிறபொருளெதிரியும் ஒட்டிக்கொண்டு நுண்ணிய குருதிக்குழாய்களில் படிவதே காரணம். பலருக்கு மஞ்சள் தெரியாமலே போய்விடும். நண்டு அலர்ஜி பெரும்பாலும் சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்துக்குள் காட்டும். தடிப்பு நாட்கணக்கில் நின்று மூட்டும் நொந்தால் எஸ்.ஜி.பி.ரி. என்ற ஈரல் இரத்தப் பரிசோதனை பார்ப்பதே சரி.

நீங்கள் படித்தவர் பாரூக் புளூம்பேர்க். அவர் ஒவ்வாமை வைத்தியர் அல்ல. இரத்தப் புரதங்கள் ஆளுக்கு ஆள் எப்படி மாறுகின்றன என்று தேடியவர். பலமுறை இரத்தம் ஏற்றப்பட்டவரின் உடல், தன்னிடம் இல்லாத புரதத்துக்குப் பிறபொருளெதிரி ஆக்கியிருக்கும் என்பது அவர் கணக்கு. இரத்தம் ஏற்றியபின் சிலருக்குக் காய்ச்சலும் ஒவ்வாமையும் ஏன் வருகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்த ஹார்வி ஆல்ற்றர் அவரோடு சேர்ந்தார். அகார் ஜெல்லில் குழிகள் வெட்டி, ஒன்றில் நோயாளியின் சீரமும் (இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) சுற்றிவர மற்றவர்களின் சீரமும் விடுவார்கள். இரண்டும் ஊறிப் பொருந்தும் இடத்தில் ஒரு கோடு விழும். இரத்தம் சரியாக உறையாத ஹீமோபீலியா நோயாளி ஒருவரின் சீரம், அவுஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் சீரத்தோடு கோடு காட்டியது. கொழுப்புச் சாயம் அதில் சரியாக ஏறவில்லை, புரதச் சாயம் ஏறியது; ஆகவே அவர்கள் தேடிய கொழுப்புப்புரதம் அல்ல. 1965இல் அந்தப் புரதத்தை லுக்கேமியா என்ற இரத்தப் புற்றுநோயோடு இணைத்து எழுதினார்கள். ஈரல் அழற்சியின் அடையாளம் என்பது 1967 அளவில்தான் துலங்கியது. முகாமில் உங்கள் பெறாமகனின் இரத்தத்தில் தேடியதும் வைரசின் மேலுறைப் புரதமான அதைத்தான். 1976இல் புளூம்பேர்க்குக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கீழ்க்காய்நெல்லியையும் அவர் விட்டுவைக்கவில்லை. சென்னையில் ஆய்வாளர் தியாகராஜனும் அவரும் மற்றவர்களும் செய்த ஆய்வு 1988இல் வந்தது. நாள்பட்ட தொற்றுள்ளவர்களுக்கு 200 மில்லிகிராம் தூள், நாளுக்கு மூன்று வேளை, 30 நாள். எடுத்த 37 பேரில் 22 பேருக்கு அந்தப் புரதம் மறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மருந்து கொடுக்கப்பட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். ஆனால் பிறகு வேறிடங்களில் செய்தபோது இந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. வளர்ந்தவருக்குப் புதிதாகத் தொற்றினால் 100இல் 90க்கு மேற்பட்டோருக்குத் தானாகவே மாறும். அந்தப் பெயரை எங்கள் ஊரில் இலை தட்டிக்கொண்டு போகிறது. அம்மாவின் மனம் நோகாமல் சொல்லுங்கள்: இலையை நம்பிப் பரிசோதனையைப் பிந்தவிடக் கூடாது.

முதலில், வைரசின் உட்புரதத்துக்கு (கோர்) எதிரான ஐ.ஜி.எம். வகைப் பிறபொருளெதிரி பார்க்க வேண்டும். தொற்று புதிதா என்று அது காட்டும். ஆறு மாதம் கழித்தும் மேலுறைப் புரதம் இருந்தால் நாள்பட்டது. அப்போது வைரஸ் அளவு, எஸ்.ஜி.பி.ரி., ஸ்கான் மூன்றையும் வைத்துத்தான் மருந்தா, கண்காணிப்பா என்று வைத்தியர் முடிவெடுப்பார். இடையில் குழப்பமோ, அளவுக்கு மீறிய நித்திரையோ, இரத்தக் கசிவோ வந்தால் அன்றே பெரியாஸ்பத்திரி. சாராயம் வேண்டாம்.

இனி மிக முக்கியமானது. தடிப்புக்கும் இழுப்புக்கும் பாமசியில் கேட்டு வாங்கும் பிரட்னிசலோன் என்ற ஸ்ரீரொயிட் குளிசை இந்த வைரசைக் கிளப்பிவிடும். வாரக்கணக்கில் எடுத்தால் ஆபத்து இன்னும் கூட. செற்றிரிசின் போன்ற சாதாரண அலர்ஜிக் குளிசைக்கு அந்தப் பயம் இல்லை. எந்த வைத்தியரிடம் போனாலும் முதலில் இந்தத் தொற்றைச் சொல்லச் சொல்லுங்கள்.

தனிக் கோப்பையை அண்ணி இன்றே எடுத்துவிடட்டும். ஒரே கோப்பையில் சாப்பிட்டாலும் கட்டிப்பிடித்தாலும் இது தொற்றாது. பெடியன் அந்தக் கோப்பையைப் பார்த்து நொந்துபோவதுதான் மிச்சம். சவர அலகு, பற்தூரிகை, நகம்வெட்டி ஆகியவை மட்டும் தனியாக வேண்டும். காய்ந்த இரத்தத்திலும் வைரசு ஏழு நாளாவது உயிரோடிருக்கும். மணம் முடித்தவன் என்றால், மனைவிக்குப் பரிசோதனையும் ஊசியும் முடியும்வரை ஆணுறை.

இறாலும் முட்டையும் உங்கள் ஊசிக்குத் தடையல்ல. இந்த ஊசி ஈஸ்ற்றில் ஆக்கப்படுவது. ஈஸ்ற்றுக்கோ முன்பு போட்ட இதே ஊசிக்கோ கடும் ஒவ்வாமை கண்டவர்தான் தவிர்க்க வேண்டும். 2003க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குக் கிளினிக்கில் போட்டிருப்பார்கள், அட்டையைப் பாருங்கள். மற்ற எல்லாரும் முதலில் இரத்தம் பார்த்து, தொற்று இல்லையென்றால் இன்று, ஒரு மாதத்தில், ஆறாம் மாதத்தில் என மூன்று ஊசி. மேற்கையில் போட வேண்டும். பிட்டத்தில் போட்டால் எதிர்ப்புச் சக்தி குறையும். மருந்து உறைந்தால் பழுது. வெளியே வாங்குகிறீர்கள் என்றால் ஐஸ் கட்டியோடு நேரே வைத்துக் கொண்டுபோகாதீர்கள். கடைசி ஊசி போட்டு ஒன்று இரண்டு மாதத்தில் பிறபொருளெதிரி அளவைப் பாருங்கள். 10 mIU/mLக்குக் குறைந்தால் மீண்டும் போட வேண்டிவரும்.