தோட்டக் கமிட்டியும் தொழிலாளர் சபையும்

கேள்வி: எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மூன்று தொழிற்சங்கங்கள் உள்ளன, ஒவ்வொன்றுக்கும் தலைவரும் கமிட்டியும் உண்டு. அரசியல் நூல்களில் வரும் ‘தொழிலாளர் சபை’ என்பதும் இதுதானா? அந்தக் கருத்தை முதலில் உருவாக்கியவர் யார்?
- வாசகர் ஒருவர், மஸ்கெலியா

பதில்: இரண்டும் ஒன்றல்ல. சங்கக் கமிட்டி, சந்தா கட்டும் உறுப்பினர்களின் சார்பில் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் பேசுகிறது. தொழிலாளர் சபையோ, சந்தா கட்டாதவர் உட்பட ஒரே வேலைத்தலத்தில் உழைக்கும் அனைவரும் தேர்ந்தெடுத்து, வேண்டாதபோது திரும்ப அழைத்துக்கொள்ளக்கூடிய பிரதிநிதிகளைக் கொண்டது; பேசுவதோடு நில்லாமல் வேலையையும், ஒரு கட்டத்தில் ஆட்சியையுமே தானே நடத்த முனைவது.

அதை உருவாக்கியவர் என்று ஒரு சிந்தனையாளரைக் காட்ட முடியாது. 1871இல் பாரிஸ் நகர மக்கள் எழுந்து அமைத்த ஆட்சியான பாரிஸ் கம்யூனில், பிரதிநிதியைத் திரும்ப அழைக்கும் உரிமையையும் அவருக்குத் தொழிலாளியின் கூலியே சம்பளம் என்ற விதியையும் மார்க்ஸ் பாராட்டினார் என்பது உண்மை. ஆனால் அது நகர வட்டாரங்கள் தேர்ந்த அவை, ஆலைகள் தேர்ந்ததல்ல. 1905இல் மாஸ்கோ அச்சுக்கோப்பாளர்கள், எழுத்துகளுக்கு மட்டுமன்றிக் காற்புள்ளி, முற்றுப்புள்ளிகளுக்கும் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். (கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கிலோக் கழிபடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கோபத்தை விளக்க வேண்டியதில்லை.) அது பரவி, அக்டோபரில் பொது வேலைநிறுத்தமாயிற்று. அதை நடத்துவதற்காக பீட்டர்ஸ்பர்க் ஆலைகள் 500 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஆளனுப்பிக் கூட்டிய சபைதான் ‘சோவியத்’. ரஷ்ய மொழியில் அச்சொல்லுக்கு ஆலோசனை, சபை என்றே பொருள். 50 நாளில் அரசு அதன் பிரதிநிதிகளைக் கைதுசெய்தது.

உங்கள் கேள்விக்கு மிக அருகில் வருபவர் இத்தாலியின் மார்க்சியச் சிந்தனையாளர் கிராம்ஷி. 1919இல் டூரின் நகர மோட்டார் ஆலைகளில், நம் கமிட்டிகளைப் போலக் குறைகளை எடுத்துச்செல்லும் சிறு குழுக்கள் இருந்தன. அவற்றை, ஒவ்வொரு பட்டறைப் பிரிவும் ஒருவரை அனுப்பும் சபைகளாக மாற்ற வேண்டும் என்று அவர் எழுதினார். கூலிக்குப் பேரம் பேசும் சங்கம் முதலாளியின் உலகத்துக்குள்ளேயே நிற்கிறது, உற்பத்தியை நடத்தக் கற்பது சபையில்தான் என்பது அவர் வாதம். சங்கத்தில் சேராதவரும் வாக்களிக்கலாமா என்பது பெரிய சச்சரவாயிற்று; சங்கத் தலைவர்களுக்கு இது கசந்ததில் வியப்பில்லை.

பிறகு நடந்தவை சோகமானவை. ஜெர்மனியில் 1918 டிசம்பரில் கூடிய சபைகளின் மாநாடே, நாடாளுமன்றத் தேர்தலுக்கு வாக்களித்துத் தன் அதிகாரத்தைக் கைவிட்டது. ரஷ்யாவில் சோவியத்துகளின் பெயர் நிலைத்தது. ஆனால் முடிவெடுக்கும் இடம் கட்சியாயிற்று. 1956இல் ஹங்கேரியில், மக்கள் எழுச்சியை அடக்க சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் நுழைந்த பின்னும் தொழிலாளர் சபைகள் சில வாரம் தாக்குப்பிடித்தன. கட்சி எதுவும் கட்டளையிடாமலே அவை மீண்டும் மீண்டும் முளைப்பதைத்தான் அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் வியந்து எழுதினார். ஆனால் சபைகள் ஆலையை நிர்வகிக்க முயன்றதே அவற்றின் பிழை என்ற அவருடைய முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

இலங்கை மலையகத்தில் சங்கம் அமைப்பதே பெரும்பாடாக இருந்தது; 1940 முல்லோயா தோட்ட வேலைநிறுத்தத்தில் தொழிலாளி கோவிந்தன் சுட்டுக்கொல்லப்பட்டார். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகி அரசு நிறுவனங்களான ஜனவசமவுக்கும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்துக்கும் போனபோதும், காலையில் பிரட்டுக்களத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் கை மாறவில்லை. உங்கள் மூன்று சங்கத்தாரும் சங்கம் சாராதவர்களும் ஒன்றாகக் கூடி, மலைக்கு ஒருவராகவும் தேயிலை ஸ்டோருக்கு (ஆலைக்கு) ஒருவராகவும் தேர்ந்தெடுத்து, பிடிக்காவிட்டால் அடுத்த வாரமே அவரை மாற்றவும் முடியுமானால், அதைச் சபையின் தொடக்கம் என்று சொல்லலாம்.